மெரூன் புடவை ஒன்று, வாங்கியவர் இருவர்: இணையக் கடைக்கு எந்தத் தளம்?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46. ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே புடவை விற்கிறார். காஞ்சிபுரம், இளம்பிள்ளை, நெகமம் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து வருவார். மதுரையிலிருந்து நாத்தனார் வரும்போதும் பெட்டியில் இருபது இருபத்தைந்து புடவை வரும். வாட்ஸ்அப் குழுவில் 380 பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஃபேஸ்புக் நேரலை. பிடித்த புடவையின் எண்ணை எழுதி, கைபேசியிலேயே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் புடவை அவருக்கு. ஆண்டுக்குச் சுமார் 60,000 வெள்ளிக்கு விற்பனை, அதில் பாதி தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில்.

சென்ற தீபாவளிக்கு ஒரே மெரூன் பட்டுப் புடவைக்கு இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்த வாடிக்கையாளர் முதல் ஆண்டிலிருந்து வாங்கி வருபவர். எதுவும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அதன்பிறகுதான் வாசகிக்கு இணையக் கடை யோசனை வந்திருக்கிறது. மகள் ஷாப்பிஃபை என்கிறாள். தோழி ஷாப்பி, லசாடா போதும் என்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகன் 35,000 ரூபாய்க்கு வூகாமர்ஸில் செய்து தருகிறேன் என்கிறான். இங்குள்ள ஒரு நிறுவனம் 7,800 வெள்ளியும் மாதப் பராமரிப்புக்கு 120 வெள்ளியும் கேட்கிறது. பாதிப் பணத்தை அரசாங்கம் தரும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. "எது நல்ல தளம்? தளம் தயாரானால் வாடிக்கையாளர் தானாக வருவார்கள் அல்லவா? பில்லில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி முறையாகச் சேர்த்துத்தான் வாங்குகிறேன், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

தளத்தைப் பற்றி நீங்கள் எழுதியது நான்கு வரி. அந்த மெரூன் புடவையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். உங்களுக்கு என்ன தேவை என்பது அந்த ஒன்றரைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று இரவு நடந்ததைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். நேரலை ஓடுகிறது. உங்கள் கையில் அடுத்த புடவை. 9.40-க்கு ஒருவர் பின்னூட்டத்தில் "17 எனக்கு" என்று எழுதுகிறார். அதே நிமிடம் இன்னொருவர் வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்க, பக்கத்தில் இருந்த மகள் "இருக்கு ஆன்ட்டி" என்று பதில் போட்டுவிடுகிறாள். இருவரும் பணம் அனுப்புகிறார்கள். பேநவ்வில் பணம் வருகிறது, எந்தப் புடவைக்கு என்ற குறிப்பு வரவில்லை. நேரலை முடிந்து பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. இதை உங்கள் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பொருள் ஒன்றே ஒன்று இருக்கும்போது, அதை இரண்டு வாசல் வழியாக விற்றால் என்றைக்காவது இது நடக்கத்தான் செய்யும்.

சட்டைக் கடைக்காரருக்கு ஒரே நிறத்தில் முப்பது சட்டை இருக்கும். உங்களிடம் ஒவ்வொரு புடவையும் ஒன்றுதான். ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று விஷயங்கள். இருப்பு ஒன்று என்று பதிவாக வேண்டும். பணமும் ஆர்டரும் ஒன்றோடொன்று ஒட்டி வர வேண்டும். பணம் வந்த நொடியில் அந்தப் புடவை விற்றுவிட்டது என்று தானாக மாற வேண்டும். நீங்கள் சொன்ன நான்கு வழியிலும் இதைச் செய்யலாம். ஆனால் எந்த வழியை எடுத்தாலும் எல்லா விற்பனையும் அந்த ஒரே கணக்கு வழியாகப் போனால்தான் பலன். ஒரே அலமாரியில் இருக்கும் புடவையை நேரலையிலும் சொந்தத் தளத்திலும் ஷாப்பியிலும் தனித்தனியாக வைத்தால், இரண்டு வாசல் மூன்றாகும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக இந்தத் தளங்களில் ஒருவர் புடவையைக் கூடையில் போட்டுவிட்டதாலேயே அது அவருக்கு என்று ஆகிவிடாது. ஷாப்பிஃபையில் பணம் கட்டும் கட்டத்தில்தான் இருப்பு குறையும். வூகாமர்ஸில் ஆர்டர் போட்டு இன்னும் பணம் கட்டாதவருக்காகப் பொருளை இத்தனை நிமிடம் பிடித்துவைக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, வழக்கமாக 60 நிமிடம். "நான் முதலில் கூடையில் போட்டேனே" என்று கேட்பார்கள். "பணம் கட்டியவருக்கே புடவை" என்று ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். நேரலையிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றே நிறுத்த வேண்டியது

தளப் பேச்சைத் தொடரும் முன் அவசரமான ஒன்று. பில்லில் 9 விழுக்காடு சேர்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முறையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஜிஎஸ்டி வாங்கும் உரிமை, அதற்கென்று பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நீங்கள் 60,000 வெள்ளியில் இருக்கிறீர்கள். பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். இதுவரை அப்படி வாங்கிய தொகையைப் பழைய பில்களைப் பார்த்துக் கணக்கெடுங்கள். ஒரு கணக்காளரை வைத்துக்கொண்டு, நீங்களாகவே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு எழுதிவிடுங்கள். தவற்றைத் தானாக முன்வந்து சொல்பவர்களுக்குத் தண்டத்தொகையைக் குறைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாத்தனாரின் பெட்டிக்கும் இதோடு தொடர்பு உண்டு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்பும் பயணிக்கு 500 வெள்ளிவரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விலக்கு சொந்த உபயோகப் பொருளுக்கும் அன்பளிப்புக்கும்தான். விற்பதற்காகக் கொண்டு வரும் புடவைக்கு இல்லை. சுங்கத்துறையிடம் அறிவித்து 9 விழுக்காடு கட்டித்தான் எடுத்து வர வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு, அறிவிக்க எதுவும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிட்டு, பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாத்தனார். அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். இனி கட்டும் வரியை அடக்கவிலையோடு சேர்த்து விலை வையுங்கள், பில்லில் தனி வரியாகக் காட்டாதீர்கள்.

ஷாப்பியும் லசாடாவும்

பெயர் ஒன்றுபோல் இருப்பதால் உங்கள் கடிதத்தில் ஷாப்பியும் ஷாப்பிஃபையும் இரண்டு இடத்தில் கலந்துவிட்டன. ஷாப்பி ஒரு பெரிய சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள் ஒரே கூரையின் கீழ், மக்கள் கூட்டமும் அங்கேயே. ஷாப்பிஃபை உங்கள் பெயரில் தனிக் கடை போடுவதற்கான இடத்தை வாடகைக்குத் தருகிறது, கூட்டத்தை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும்.

உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சந்தையில் தொடங்குவது சுலபம். பணம் வாங்குவது, பார்சல் எடுத்துப் போவது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முன்பணமும் பெரிதாக வேண்டாம். ஆனால் அங்கே ஒருவர் புடவை என்று தேடினால் என்ன வரும் என்று நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள். விலை குறைந்ததில் தொடங்கி வரிசைப்படுத்திப் பாருங்கள். உங்கள் 180 வெள்ளி நெகமம் கைத்தறி, பதினைந்து இருபது வெள்ளிப் பாலியெஸ்டர் புடவைகளுக்கு நடுவில் ஒரு தபால்தலை அளவுப் படமாக நிற்கும். கைத்தறிக்கு ஏன் அந்த விலை என்பதை நீங்கள் நேரலையில் முந்தானையைத் திருப்பி, பின்பக்க நூலைக் காட்டிச் சொல்வீர்கள். அந்தப் பேச்சுக்குத்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் ஒன்பது மணிக்குக் காத்திருக்கிறார்கள். சந்தையில் அதற்கு இடம் குறைவு.

அடுத்தது கழிவு. கமிஷன், பரிவர்த்தனைக் கட்டணம், இலவச டெலிவரித் திட்டம், 9.9, 11.11 தள்ளுபடியில் உங்கள் பங்கு என்று ஒவ்வொன்றும் தனியாகப் பிடிக்கப்படும். விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் இன்றைய கணக்கை அவர்களுடைய விற்பனையாளர் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து 12 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 60,000 வெள்ளிக்கு 7,200 வெள்ளி போய்விடும்.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். சந்தையில் வாங்குபவர் கட்டும் பணம் முதலில் சந்தைக்குப் போய், பிறகுதான் உங்களுக்கு வரும். பெரும்பாலும் ஒழுங்காகவே வருகிறது. ஆனால் கியூ10 என்ற இணையச் சந்தையின் விஷயம் நினைவிருக்கும். விற்பனையாளர்களுக்குப் பணம் தாமதமாவதாகப் புகார்கள் குவிந்தபின், 2024 செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அதன் பணப் பரிவர்த்தனைச் சேவையை நிறுத்தச் சொன்னது. நவம்பரில் அந்த நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பல ஆண்டு பழக்கமான தளம் அது. எந்தச் சந்தையில் விற்றாலும், வந்து சேர வேண்டிய பணத்தை அங்கேயே தேங்கவிடாமல் வங்கிக்கு மாற்றிக்கொண்டே இருங்கள்.

இதனால் சந்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்பாவாடை, ஃபால்ஸ் துணி, ரெடிமேட் ஜாக்கெட் இவையெல்லாம் ஒரே மாதிரி ஐம்பது நூறு என்று உங்களிடம் இருப்பவை. அவற்றை ஷாப்பியில் போடலாம். தேடி வருபவர் விலையைப் பார்த்து வாங்கிப் போவார். புடவையை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அக்கா மகனின் வூகாமர்ஸ்

வூகாமர்ஸ் நல்ல மென்பொருள்தான். இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மேல் ஓடும், மென்பொருளுக்கு விலை கிடையாது, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தொழில்நுட்பம் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் மென்பொருள் இலவசம் என்பதால் கடையே இலவசம் என்று ஆகிவிடாது. தளத்தை வைக்கும் சர்வருக்கு வாடகை உண்டு. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், அதில் சேர்த்த சின்னச் சின்னச் செருகுநிரல்கள் எல்லாவற்றையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் திருடர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. புதுப்பித்ததும் சில நேரம் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யாமல் போகும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை இரவு 9.40-க்கு அப்படி ஆனால், கோயம்புத்தூரில் அப்போது மணி 7.10. பையன் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் இருப்பான். அவன் நல்ல பையன்தான், போனை எடுப்பான். அடுத்த ஆண்டு அவனுக்கு வேறு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டால்? உறவுக்குள் பணமும் பொறுப்பும் கலந்து, ஒரு தளம் நின்றுபோனதில் இரண்டு குடும்பம் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். 35,000 ரூபாய் மிச்சமாவது பெரிதாகத் தெரியலாம். அக்காவோடு உங்களுக்கு இருக்கும் உறவு அதைவிடப் பெரிது.

அந்த 7,800 வெள்ளி

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாதீர்கள். இதை மட்டும் நீங்கள் கேட்டால்கூட எனக்கு நிம்மதி.

அவர்கள் சொல்வது பிஎஸ்ஜி என்ற உற்பத்தித்திறன் தீர்வு மானியமாக இருக்க வேண்டும். அந்த மானியம் உண்மைதான், தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடுவரை கிடைக்கும். ஆனால் மூன்று நிபந்தனைகளைப் பாருங்கள். விண்ணப்பிப்பது சிங்கப்பூரில் பதிவு பெற்ற தொழிலாக இருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் பதிவே இல்லை. வாங்கும் தீர்வும் விற்பவரும் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கட்டினாலோ மானியம் கிடைக்காமல் போகும். ஆக, பாதிப் பணம் வரும் என்று நம்பி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்தே பாதிப் பணத்தை இல்லாமல் ஆக்கிவிடும். இது தெரியாமல் சொன்னார்களா, தெரிந்து சொன்னார்களா என்று நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. அவசரப்படுத்துகிறவரிடம் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

மானியத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தத் தொகை உங்கள் விற்பனைக்கு அதிகம். ஒரு புடவைக்கு 30 வெள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 7,800 வெள்ளியை எடுக்க 260 புடவை விற்க வேண்டும். உங்கள் கணக்குப்படி அது ஆண்டு விற்பனையில் பாதிக்கு மேல். அதன்பிறகு பராமரிப்புக்கு மாதம் நான்கு புடவை.

என் பரிந்துரை

உங்கள் மகள் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஷாப்பிஃபை அல்லது அது மாதிரி மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தத் தளம் ஒன்றை எடுங்கள். அடிப்படைத் திட்டம், ஓர் இலவச வடிவமைப்பு, இருபது புடவை. அதற்கு மேல் இப்போது எதுவும் வேண்டாம். சர்வர், பாதுகாப்பு, புதுப்பித்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரவு பத்து மணிக்கு ஏதாவது ஆனால் நீங்கள் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

செலவைத் தோராயமாகப் பார்ப்போம். மாத வாடகை 50 வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 600. சராசரிப் புடவை 120 வெள்ளி என்றால், 60,000 வெள்ளிக்கு 500 ஆர்டர். பாதிப் பேர் கடன் அட்டையில் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். அட்டைப் பணத்தை வாங்கித் தரும் ஸ்டிரைப் போன்ற சேவையில் உள்ளூர் அட்டைக்கு வழக்கமான கட்டணம் 3.4 விழுக்காடும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 50 காசும். 30,000 வெள்ளிக்கு 1,020, 250 ஆர்டருக்கு 125, மொத்தம் 1,145 வெள்ளி. பேநவ்வில் கட்டுபவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே ஆகும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டாயிரம் வெள்ளியைச் சுற்றி நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஷாப்பிஃபை தன் சொந்தப் பணச் சேவையை வைத்திருக்கிறது. அதை விட்டு வெளிச் சேவை ஒன்றின் வழியாகப் பணம் வாங்கினால், அந்தச் சேவையின் கட்டணம் போக, அடிப்படைத் திட்டத்தில் 2 விழுக்காடு ஷாப்பிஃபைக்கும் போகும். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பேநவ் பழக்கம் உள்ளவர்கள். ஆகவே பேநவ்வை எதன் வழியாக இணைப்பது, அதற்கு அந்த 2 விழுக்காடு உண்டா என்று மகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கியூஆர் வந்து, பணம் வந்ததும் ஆர்டர் தானாக உறுதியாகும் விதத்தில் இணையுங்கள். அப்படிச் செய்தால் ஸ்கிரீன்ஷாட் பார்க்கும் வேலையே இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்தி அனுப்பி ஏமாற்றுபவர்களிடமிருந்தும் தப்பிக்கலாம்.

நேரலையை விடாதீர்கள். தளம் வந்தால் வாடிக்கையாளர் தானாக வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரமாட்டார்கள், சகோதரி. தேக்காவில் கடை போட்டால் வழிப்போக்கர் எட்டிப் பார்ப்பார். இணையத்தில் வழிப்போக்கர் கிடையாது. கூட்டம் உங்கள் சனிக்கிழமை இரவில் இருக்கிறது. மாற்ற வேண்டியது கடைசிப் படியை மட்டும்தான். "17 எனக்கு" என்று எழுதியவர்களுக்கு மகள் அந்தப் புடவையின் இணைப்பைப் போட வேண்டும், முதலில் கட்டியவருக்குப் புடவை. வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்பவருக்கும் அதே இணைப்புத்தான். உங்கள் வீட்டுக்கு வந்து கையில் பணம் கொடுத்து எடுப்பவருக்கும் தளத்தில் ஆர்டர் போட்டுவிட்டுத்தான் புடவையைக் கொடுக்க வேண்டும். சொந்தத் தங்கை வந்து எடுத்தாலும் அப்படித்தான்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மெரூன் நேரலை விளக்கில் அரக்கு மாதிரி தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை வெயில் வரும் ஜன்னலோரம் வைத்து, உடல், முந்தானை, பார்டர், பின்பக்கம் என்று நான்கு படம் எடுங்கள். நீளம், ஜாக்கெட் துணி உண்டா, ஜரிகை அசலா, எடை எவ்வளவு என்று எழுதுங்கள். விவரம் தமிழில் இருக்கலாம், ஆனால் தலைப்பில் ஆங்கில எழுத்திலும் பெயர் இருக்கட்டும். தமிழ்ப் பெண்களும் தேடும்போது பெரும்பாலும் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

தளத்தைத் திறக்கும் முன்

கடைப் பெயரில் தொழில் செய்பவர், தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே விற்றால் மட்டும் விலக்கு. நீங்கள் மகள் பெயரைக் கடைக்கு வைத்திருக்கிறீர்கள், ஆகவே பதிவு அவசியம். தனிநபர் வணிகமாகப் பதிவு செய்வது பெரிய செலவில்லை, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் வைத்து இணையத்திலேயே முடித்துவிடலாம். அதில் கிடைக்கும் யூஇஎன் என்ற தொழில் அடையாள எண்ணை வைத்துத்தான் தொழில் வங்கிக் கணக்கு, தொழிலுக்கான பேநவ், கட்டணச் சேவை, பிற்பாடு மானியம் எல்லாம். விற்பனைக் கணக்கை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இலாபத்தை வருமான வரியில் காட்ட வேண்டும். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கும் கட்ட வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சிறுதொழில் செய்ய இடமுண்டு. ஆனால் வீடு வீடாகவே இருக்க வேண்டும். வாசலில் பலகை மாட்டுவது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக ஆட்களை வரவழைப்பது எல்லாம் கூடாது. தீபாவளி நேரத்தில் வரவேற்பறையில் புடவையை அடுக்கி வைத்து எல்லாரையும் அழைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கழகத்தின் நிபந்தனைகளை ஒரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணைய முகவரியையும் ஷாப்பிஃபை கணக்கையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வையுங்கள். மகள் பெயரில்கூட வேண்டாம். வேறொருவர் பெயரில் முகவரி வாங்கிவிட்டு, மனஸ்தாபம் வந்தபின் தன் கடைப் பெயரையே இழந்த ஒருவர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார். தமிழிலேயே .சிங்கப்பூர் என்று முடியும் முகவரிகூட இருக்கிறது, எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு. ஆனால் வாடிக்கையாளர் தட்டச்சு செய்ய .எஸ்ஜி சுலபம். மாதம் ஒரு முறை பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு தளத்துக்குப் போனாலும் அவை கூடவே வரும்.

அந்த 380 பேரின் எண்களைத் தளத்தில் கொட்டி விளம்பரம் அனுப்பலாமா என்று மகள் கேட்டாள் அல்லவா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற சிறுதொழிலுக்கும் பொருந்தும். ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுச் சேருங்கள், வேண்டாம் என்பவரை உடனே எடுத்துவிடுங்கள். ஒரே குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது, அதையும் மெல்ல மாற்றுங்கள்.

"விற்ற புடவை திரும்ப வாங்கப்பட மாட்டாது" என்ற உங்கள் வாசகத்தைப் பற்றி. இணையத்தில் வாங்கினாலே இத்தனை நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பொதுவான உரிமை சிங்கப்பூரில் இல்லை. மனம் மாறியவரிடம் நீங்கள் மறுக்கலாம். ஆனால் புடவையில் நெசவுக் கோளாறு இருந்தாலோ, பட்டு என்று சொன்னது பட்டாக இல்லாவிட்டாலோ அந்த வாசகம் உங்களைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 முதல் இருக்கும் லெமன் சட்டப்படி, கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொதுவாகக் கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். முதலில் சரிசெய்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டிவரும். வாடிக்கையாளர் 20,000 வெள்ளிவரையிலான வழக்கைச் சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். உங்களிடம் எல்லாமே ஒற்றைப் புடவை, மாற்றிக் கொடுக்க இன்னொன்று இருக்காது. அதனால் அனுப்புமுன் ஐந்தரை மீட்டரையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாள்கணக்கு. இந்த வாரம் அக்ரா பதிவும் கணக்காளரும். அடுத்த மாதம் இருபது புடவையோடு தளம். ஆடி மாதத்துக்குள் நான்கு சனிக்கிழமை நேரலையை இந்தப் புது முறையில் நடத்திப் பாருங்கள். தடுமாற்றம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும், தீபாவளிக் கூட்டத்துக்கு முன் திருத்திக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. குழுவிலிருந்து விலகிய அந்த அக்காவை நேரில் போய்ப் பாருங்கள். அன்று என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. பணத்தைத்தான் திருப்பி அனுப்பினீர்களே தவிர, எப்படி ஆனது என்று சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள். தளம் தயாரானதும் யாராவது ஒருவர் வாடிக்கையாளர் இடத்திலிருந்து முதல் ஆர்டரைப் போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த உதவியை அவரிடம் கேளுங்கள்.